நினைவக அமைப்புகளை டிவைஸ் ட்ரீயில் எழுதலாமா? புதிதாக வருபவர்களுக்கு ஒரு வழிகாட்டி

புதிய போர்டில் லினக்ஸ் நன்றாகவே பூட் ஆகிவிடும். கேமராவையோ வீடியோ டிகோடரையோ தொட்டவுடன்தான் தொடர்ச்சியான நினைவகம் கிடைக்கவில்லை என்று கெர்னல் (லினக்ஸின் மையப் பகுதி) பிழை காட்டும். யாரிடமாவது கேட்டால், டிவைஸ் ட்ரீயில் (போர்டின் வன்பொருளைக் கெர்னலுக்கு விவரிக்கும் கோப்பு) ஒரு நோடு (அதன் ஒரு பிரிவு) சேர்த்து அளவை 256 எம்பி என்று போடு, சரியாகிவிடும் என்பார்கள். போட்டால் சரியாகவும் ஆகிவிடும். ஆனால் அந்த 256 என்ற எண் எதைப் பற்றிய தகவல்? போர்டில் பதித்திருக்கும் சிப்பைப் பற்றியதா, அல்லது உங்கள் மென்பொருள் எத்தனை வீடியோ ஃபிரேம்களைக் கையில் வைத்துக்கொள்ள விரும்புகிறது என்பதைப் பற்றியதா?

என் நிலைப்பாட்டை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். லினக்ஸை அழித்துவிட்டு அதே போர்டில் வேறொரு இயங்குதளத்தை ஏற்றினாலும் உண்மையாக இருக்கிற தகவல் மட்டும் டிவைஸ் ட்ரீயில் இருக்க வேண்டும். வேலையைப் பொறுத்து மாறுகிற எண்களுக்கு வேறு இடங்கள் இருக்கின்றன. இதைச் சொல்வது எளிது. நினைவகத்தில் இரண்டும் ஒரே நோடுக்குள் பின்னிக் கிடப்பதால் பிரித்தெடுப்பதில்தான் சிரமம். அதைப் படிப்படியாகப் பார்ப்போம்.

முதலில், டிவைஸ் ட்ரீ எதற்கு

யூஎஸ்பி, பிசிஐ போன்ற இணைப்புகளில் செருகப்பட்ட சாதனம் தானே தன்னை அறிமுகப்படுத்திக்கொள்ளும். ஒரு சிப்புக்குள்ளேயே இருக்கும் சீரியல் போர்ட், டைமர், ஜிபிஐஓ போன்றவற்றுக்கு அந்த வசதி கிடையாது. அவை எந்த முகவரியில் இருக்கின்றன, எந்த இன்டரப்ட்டைப் பயன்படுத்துகின்றன என்று யாராவது கெர்னலுக்கு எழுதித் தர வேண்டும். அந்த எழுத்துதான் டிவைஸ் ட்ரீ. இதன் வேர் 1994-இல் ஐஇஇஇ 1275 என்ற தரமாக வந்த ஓப்பன் ஃபர்ம்வேரில் இருக்கிறது. சன் நிறுவனத்தின் ஸ்பார்க் கணினிகளும் ஆப்பிளின் பவர்பிசி கணினிகளும் அதைப் பயன்படுத்தின. பிறகு பவர்பிசி லினக்ஸில் அது தட்டையான கோப்பு வடிவம் பெற்றது. 2011-க்குப் பிறகு ஆர்ம் உலகம் பெருமளவில் அதற்கு மாறியது. அதுவரை ஒவ்வொரு ஆர்ம் போர்டுக்கும் கெர்னலுக்குள் தனித்தனி சி கோப்புகள் குவிந்துகொண்டிருந்தன.

இதைப் படிப்பது லினக்ஸ் மட்டும் என்று நினைத்துவிடாதீர்கள். யூ-பூட் என்ற பூட்லோடர் (கெர்னலை ரேமில் ஏற்றித் தொடங்கிவைக்கும் நிரல்) படிக்கிறது, ஃப்ரீபிஎஸ்டி இயங்குதளம் படிக்கிறது, ஜென் ஹைப்பர்வைசர் படிக்கிறது. சில போர்டுகளில் இந்தக் கோப்பு ஃபர்ம்வேரோடு (போர்டிலேயே பதிந்திருக்கும் அடிப்படை மென்பொருள்) சேர்ந்தே வரும். அப்போது இன்று எழுதிய டிவைஸ் ட்ரீ, பல ஆண்டு கழித்து வரும் கெர்னலோடும் வேலை செய்தாக வேண்டும். லினக்ஸ் கெர்னலின் சொந்த ஆவணங்களே, டிவைஸ் ட்ரீ விவரணைகளில் லினக்ஸையோ டிரைவரையோ குறிப்பிடாதீர்கள், வன்பொருளில் இருப்பதை எழுதுங்கள் என்று வற்புறுத்துவது இதனால்தான்.

படி 1: இப்போது என்ன இருக்கிறது என்று பாருங்கள்

எதையும் மாற்றுவதற்கு முன், ஓடிக்கொண்டிருக்கும் கெர்னலின் கையில் உண்மையில் என்ன இருக்கிறது என்று பார்த்துவிடுங்கள். 'ப்ராக்' அடைவுக்குள் 'டிவைஸ்-ட்ரீ' என்ற பெயரில் முழு மரமும் கோப்புகளாகத் தெரியும். டிவைஸ் ட்ரீ கம்பைலரான 'டிடிசி' கருவிக்கு அந்த அடைவை உள்ளீடாகக் கொடுத்தால், படிக்கக்கூடிய உரையாக மாற்றித் தரும். அதில் நினைவகத்தைப் பற்றி மூன்று இடங்களில் பேச்சு வரும்.

ஒன்று, 'மெமரி' நோடு. ரேம் எங்கே தொடங்குகிறது, எவ்வளவு இருக்கிறது என்று இது சொல்கிறது. ஹெக்ஸில் 80000000 என்று ஒரு முகவரியும் 40000000 என்று ஒரு அளவும் இருந்தால், அந்த முகவரியிலிருந்து 1 ஜிபி ரேம் என்று பொருள். இது முழுக்க வன்பொருள் தகவல். இதில் யாருக்கும் சண்டையில்லை.

இரண்டாவது, 'ரிசர்வ்டு-மெமரி' நோடு. ரேமில் எந்தப் பகுதியைப் பொதுப் பயன்பாட்டுக்கு எடுக்கக் கூடாது, எதைக் குறிப்பிட்ட வேலைக்கு ஒதுக்க வேண்டும் என்பதெல்லாம் இதற்குள் வரும். குழப்பம் முழுவதும் இங்கேதான்.

மூன்றாவது, 'சோசன்' நோடு. இது எந்தச் சாதனத்தையும் குறிக்காது. டிவைஸ் ட்ரீ தரமே அப்படித்தான் வரையறுக்கிறது. பூட்லோடர் கெர்னலுக்குச் சொல்ல விரும்புவதை வைக்கும் இடம் இது. கெர்னல் கமாண்ட் லைன் (பூட்டின்போது கெர்னலுக்குத் தரும் அமைப்புகளின் வரி), இனிட்ரேம்டிஸ்க் (பூட் தொடக்கத்துக்கான தற்காலிகக் கோப்பமைப்பு) இருக்கும் முகவரி, கன்சோல் எது என்ற தகவல் எல்லாம் இதில் வரும்.

புதிதாக வருபவர்கள் தடுமாறுவது இந்த மூன்றாவது நோடைப் பார்த்துத்தான். கமாண்ட் லைனே டிவைஸ் ட்ரீக்குள் இருக்கும்போது, மென்பொருள் அமைப்பு இதற்குள் வரக் கூடாது என்பது எப்படிச் செல்லும் என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. டிவைஸ் ட்ரீக்கு இரண்டு நிலைகள் உண்டு. உங்கள் ரெப்பாசிட்டரியில் இருக்கும் மூலக் கோப்பு முதல் நிலை. அது போர்டின் விவரணை. பூட் ஆகும் நேரத்தில் பூட்லோடர் அதை ரேமில் ஏற்றி, சில இடங்களை நிரப்பி, கெர்னலிடம் கொடுப்பது இரண்டாம் நிலை. யூ-பூட் உண்மையான ரேம் அளவைக் கண்டுபிடித்து மெமரி நோடைத் திருத்திவிடும், கமாண்ட் லைனையும் எழுதிவிடும். அந்த நேரத்தில் டிவைஸ் ட்ரீ ஒரு தகவல் ஊர்தியாகவும் வேலை செய்கிறது. ஊர்தியில் ஏறி வருவதை எல்லாம் மூலக் கோப்பில் நிரந்தரமாக எழுதி வைக்க வேண்டியதில்லை. இந்தக் கட்டுரையில் 'டிவைஸ் ட்ரீயில் எழுதாதீர்கள்' என்று நான் சொல்லும் இடமெல்லாம் மூலக் கோப்பைத்தான் சொல்கிறேன்.

யூஇஎஃப்ஐ என்ற ஃபர்ம்வேர் தரத்தின் வழியாக பூட் ஆகும் 64-பிட் ஆர்ம் கணினிகளில் கெர்னல் மெமரி நோடைக் கண்டுகொள்வதே இல்லை. ஃபர்ம்வேர் தரும் நினைவக வரைபடம்தான் அங்கே செல்லுபடி. உங்கள் போர்டு அப்படிப்பட்டது என்றால் மெமரி நோடைத் திருத்திக்கொண்டு நேரத்தை வீணாக்காதீர்கள்.

படி 2: ஒவ்வொரு வரியையும் கேள்வி கேளுங்கள்

ரிசர்வ்டு-மெமரியில் இருக்கும் ஒவ்வொரு குழந்தை நோடையும் எடுத்து, இந்த வரியை மீறினால் உடைவது எது என்று கேளுங்கள்.

ஆர்ம் சிப்புகளின் பாதுகாப்பு வசதியான டிரஸ்ட்ஸோனின் ஃபர்ம்வேர் உட்கார்ந்திருக்கும் பகுதியை எடுத்துக்கொள்வோம். அங்கே எந்த இயங்குதளம் கை வைத்தாலும் பிழை விழும். ப்ராசசர் ஊகத்தின் பேரில் முன்கூட்டிப் படிக்க முயன்றால்கூட ஆபத்து. ஆகவே அந்த நோடில் 'நோ-மேப்' என்ற பண்பு இருக்க வேண்டும். அந்தப் பகுதியை முகவரி அட்டவணையிலேயே சேர்க்காதே என்பது அதன் பொருள். இது டிவைஸ் ட்ரீக்குரிய தகவல், சந்தேகமே வேண்டாம். மோடத்துக்கோ டிஎஸ்பிக்கோ (சிக்னல்களைக் கையாளும் தனி ப்ராசசர்) அதன் ஃபர்ம்வேர் எதிர்பார்க்கும் நிலையான முகவரியில் ஒரு பகுதி இருந்தால் அதுவும் இப்படித்தான். பூட்லோடர் திரையில் லோகோ காட்டத் தொடங்கி, டிஸ்ப்ளே கன்ட்ரோலர் இன்னும் படித்துக்கொண்டிருக்கும் ஃபிரேம்பஃபர் (திரைப் படம் இருக்கும் நினைவகம்) பகுதியும் அதே வகை. சாதன நோடுகள் 'மெமரி-ரீஜன்' பண்பின் மூலம் இந்தப் பகுதிகளைச் சுட்டும்.

எதிர்முனையில், ஹியூஜ்பேஜ் (பெரிய நினைவகப் பக்கங்கள்) எத்தனை, ஸ்வாப் (ரேம் போதாதபோது வட்டில் எடுத்துக்கொள்ளும் இடம்) எவ்வளவு, ஓவர்கமிட் (இருப்பதைவிட அதிக நினைவகம் தருவதாக ஒப்புக்கொள்வது) அனுமதியா, கிராஷ் டம்ப்புக்கு எவ்வளவு ஒதுக்குவது என்பதெல்லாம் இருக்கிறது. இவற்றை மீறினால் வன்பொருளில் எதுவும் உடையாது, வேகமோ வசதியோ மாறும், அவ்வளவுதான். ஒரே போர்டை ஒருவர் டேட்டாபேஸ் ஓட்டவும் இன்னொருவர் ரூட்டராகவும் வைத்துக்கொள்ளலாம். இருவருக்கும் எண்கள் வேறு. இவற்றை டிவைஸ் ட்ரீ பக்கமே கொண்டுவராதீர்கள்.

நடுவில் நிற்பது சிஎம்ஏ.

படி 3: சிஎம்ஏ நோடைப் பிரித்துப் பாருங்கள்

சிஎம்ஏ (கன்டிகியுவஸ் மெமரி அலாகேட்டர்) என்பது தொடர்ச்சியான நினைவகத்தைத் தருவதற்காக லினக்ஸ் 3.5 பதிப்பில் 2012-இல் சேர்ந்த வசதி. ஒரு பெரிய பகுதியை பூட் தொடக்கத்திலேயே ஒதுக்கிவைக்கும். சாதனத்துக்குத் தேவையில்லாதபோது இடம் மாற்றக்கூடிய பக்கங்களை (கெர்னல் நினைவகத்தைப் பகுத்துக் கையாளும் சிறு துண்டுகள்) அதில் வைத்துக்கொள்ளும். சாதனம் கேட்டதும் அந்தப் பக்கங்களை வேறிடத்துக்கு நகர்த்திவிட்டுக் கொடுக்கும். டிவைஸ் ட்ரீயில் இதை 'ஷேர்டு-டிஎம்ஏ-பூல்' வகை நோடாக எழுதுவார்கள், கூடவே 'ரீயூஸபிள்' என்ற பண்பும் வரும். எல்லாருக்கும் பொதுவான பூல் இதுதான் என்று சொல்ல 'லினக்ஸ்,சிஎம்ஏ-டிஃபால்ட்' என்றும் சேர்ப்பார்கள். இந்தப் பண்பின் பெயரிலேயே லினக்ஸ் இருக்கிறது. இயங்குதளம் ஒன்றுக்கு மட்டுமான செய்தி இது என்பதை ஒளிக்காமல் அறிவிக்கும் பெயர்.

ஆல்வின்னர் ஏ20 சிப்பை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் வீடியோ எஞ்சினால் ரேமின் கீழ் 256 எம்பிக்குள் மட்டுமே எட்ட முடியும். போர்டில் 1 ஜிபி இருந்தாலும் மிச்சம் அதன் கண்ணுக்குத் தெரியாது. லினக்ஸ் கெர்னலில் உள்ள அந்தச் சிப்பின் டிவைஸ் ட்ரீயில் சிஎம்ஏ பூல் ஒன்று இருக்கிறது. அதன் அளவு 96 எம்பி. முகவரி அந்தக் கீழ்ப் பகுதிக்குள் இருக்க வேண்டும் என்று பக்கத்திலேயே குறிப்பும் இருக்கிறது.

ஒரே நோடு, ஆனால் அதில் இரண்டு வகைத் தகவல். 256 எம்பி எல்லை சிலிக்கனில் பொறிக்கப்பட்டது. ஃப்ரீபிஎஸ்டி வந்தாலும் மாறாது, எத்தனை ஆண்டு ஆனாலும் மாறாது. 96 எம்பி ஒருவர் தேர்ந்தெடுத்தது. வீடியோவே பார்க்காத சர்வராக அந்தப் போர்டை ஓட்டுபவருக்கு 16 போதும். ஒரே நேரத்தில் பல வீடியோ ஓடைகளை டிகோட் செய்பவருக்கு 96 பற்றாது. எல்லையை 'அலாக்-ரேஞ்சஸ்' பண்பு சொல்கிறது, விருப்பத்தை 'சைஸ்' பண்பு சொல்கிறது. உங்கள் போர்டின் நோடையும் இப்படி இரண்டாகப் பிரித்துப் பார்க்கப் பழகினால் பாதிக் கிணறு தாண்டியாயிற்று.

அளவை டிவைஸ் ட்ரீயில் எழுதினால் என்ன கெட்டுவிடும் என்று கேட்பவர்களுக்கு நான் காட்டுவது பக்க அளவுப் பிரச்சினையை. 64-பிட் ஆர்மில் கெர்னலை 4, 16, 64 கேபி என மூன்று பக்க அளவுகளில் கட்டலாம். அது கெர்னல் கட்டுபவரின் முடிவு. சிஎம்ஏ பகுதியின் தொடக்கமும் அளவும் ஒரு குறிப்பிட்ட எல்லையின் மடங்காக இருக்க வேண்டும், அந்த எல்லை பக்க அளவோடு சேர்ந்து வளரும். 4 கேபி கெர்னலில் அது சில எம்பிதான். 64 கேபி கெர்னலில், வழக்கமான அமைப்பில், 512 எம்பி ஆகிவிடும். ஆகவே 4 கேபி கெர்னலில் சோதித்து 64 எம்பி என்று எழுதிய நோடு, அதே போர்டில் 64 கேபி கெர்னல் ஏறியதும் பொருந்தாமல் போகும். அலைன்மென்ட் தவறு என்று கெர்னல் ஒரு வரி அச்சடிக்கும், பூல் உருவாகாது. போர்டு மாறவில்லை, சிப் மாறவில்லை, ஆனால் 'வன்பொருள் விவரணை' தவறாகிவிட்டது. வன்பொருள் மாறாமல் ஒரு வரி தவறாக முடியும் என்றால் அந்த வரி வன்பொருளைப் பற்றியதாக இருக்க முடியாது.

எதிர்த் தரப்பின் வாதத்திலும் பலம் இருக்கிறது. சிஎம்ஏவை பூட்டின் மிகத் தொடக்கத்திலேயே ஒதுக்கியாக வேண்டும், பயனர் நிரல்கள் எழுந்த பிறகு அமைக்க முடியாது. போர்டு விற்பவருக்குப் பெட்டியைத் திறந்தவுடன் கேமரா வேலை செய்ய வேண்டும். கமாண்ட் லைனை ஒவ்வொரு லினக்ஸ் விநியோகமும் தன் இஷ்டத்துக்கு மாற்றும், டிவைஸ் ட்ரீயோ போர்டோடு சேர்ந்தே போகும். இந்தக் காரணங்களால் பல போர்டுகளின் கோப்புகளில் அளவும் இடம்பெற்றுவிட்டது. இருப்பதைப் பிடுங்கி எறியச் சொல்லவில்லை. புதிதாக எழுதும்போது, சாதனம் இயங்கத் தேவைப்படும் குறைந்தபட்ச அளவோடு நிறுத்திக்கொள்ளுங்கள் என்றுதான் சொல்கிறேன். டிஸ்ப்ளே கன்ட்ரோலர் ஒரு முழு ஃபிரேமைக் காட்ட இவ்வளவு வேண்டும் என்று கணக்குக் காட்ட முடிந்தால் அந்த எண்ணுக்கு வன்பொருள் ஆதாரம் இருக்கிறது. 'பெரிதாக இருக்கட்டும்' என்பதற்கு இல்லை.

படி 4: எண்ணைச் சரியான இடத்தில் வையுங்கள்

சிஎம்ஏ அளவுக்கு வேறு இரண்டு இடங்கள் உண்டு. கெர்னலைக் கட்டும்போது கேகான்ஃபிக்கில் (கெர்னலின் கட்டமைப்புத் தேர்வுகள் இருக்கும் இடம்) இயல்பு அளவைத் தரலாம். அங்கே எதையும் தொடாவிட்டால் பெரும்பாலும் 16 எம்பி. அல்லது கமாண்ட் லைனில் 'சிஎம்ஏ=' என்று போட்டு 256 எம் என எழுதலாம். மறு கம்பைல் வேண்டாம், பூட்லோடர் அமைப்பில் ஒரு வரி மாற்றினால் போதும்.

இங்கே ஒரு பொறி இருக்கிறது, கவனமாக இருங்கள். கமாண்ட் லைனில் சிஎம்ஏ அளவு தந்தால், தற்போதைய கெர்னல்கள் டிவைஸ் ட்ரீயில் உள்ள இயல்பு சிஎம்ஏ நோடை முழுவதுமாகத் தவிர்த்துவிடும். அளவோடு சேர்ந்து முகவரி எல்லையும் போய்விடும். ஏ20 போன்ற சிப்பில் பூல் மேல் பகுதிக்குப் போய்விட்டால், அளவு தாராளமாக இருந்தும் வீடியோ எஞ்சின் அதை எட்டாது. அப்புறம் படம் கிழிந்து வருவதற்குக் காரணம் தேடி டிரைவரைக் குடைய வேண்டியிருக்கும். அப்படிப்பட்ட சிப்பில் கமாண்ட் லைனிலேயே அளவுக்குப் பின் '@' குறி போட்டு முகவரி வரம்பையும் சேர்த்துக் கொடுங்கள், அந்த வசதி இருக்கிறது. அதைவிட நல்ல வழி, எல்லை உள்ள சாதனத்துக்கென்று பொதுப் பூலிலிருந்து தனியாக ஒரு பகுதியை வைத்து, மெமரி-ரீஜன் மூலம் அந்தச் சாதனத்தோடு இணைப்பது. பொதுப் பூலின் அளவை யார் மாற்றினாலும் அந்தச் சாதனம் பாதிக்கப்படாது.

டிவைஸ் ட்ரீ வழியாகத்தான் செய்தாக வேண்டும் என்ற நிலை வந்தால் ஓவர்லே (அடிப்படை மரத்தின் மேல் ஒட்டும் தனிக் கோப்பு) எழுதுங்கள். ராஸ்பெர்ரி பையில் சிஎம்ஏ அளவை மாற்றுவதற்கு இப்படி ஓவர்லே வசதி இருக்கிறது. பயனர் தன் கட்டமைப்புக் கோப்பில் ஒரு வரி எழுதினால், பூட் நேரத்தில் அது அடிப்படை மரத்தின் மேல் ஒட்டிக்கொள்ளும். போர்டின் அடிப்படைக் கோப்பு சுத்தமாக இருக்கும், விருப்பம் தனிக் கோப்பில் தெளிவாகத் தெரியும்.

ராம்ஊப்ஸ் பற்றியும் ஒரு வார்த்தை. கெர்னல் விழும்போது கடைசிச் செய்திகளை ரேமின் ஒரு மூலையில் எழுதிவைத்து, மறு பூட்டில் எடுத்துப் பார்க்க உதவும் வசதி அது. எந்த மூலை என்பது பூட்லோடர் பூட் ஆகும்போது அழிக்காத இடமாக இருக்க வேண்டும். அது போர்டைப் பொறுத்த தகவல், டிவைஸ் ட்ரீயில் இருப்பது நியாயம். அதற்குள் கன்சோலுக்கு எவ்வளவு, ஒரு பதிவுக்கு எவ்வளவு என்ற பங்கீடு வெறும் மென்பொருள் விருப்பம். இருந்தாலும் அதே நோடில்தான் எழுத வேண்டியிருக்கிறது. இது எனக்குப் பிடிக்கவில்லை, ஆனால் நடைமுறை அப்படித்தான்.

செஃபிர் என்ற சிறிய நிகழ்நேர இயங்குதளத்தில் வேலை செய்பவர்களுக்கு இந்தப் பிரிவினை பழகிய ஒன்று. அங்கே டிவைஸ் ட்ரீ கம்பைல் நேரத்திலேயே படிக்கப்பட்டுவிடும். வன்பொருளும் அதன் பூட் நேர அமைப்பும் டிவைஸ் ட்ரீக்கு, மென்பொருள் தேர்வுகள் கேகான்ஃபிக்குக்கு என்று அவர்கள் ஆவணத்திலேயே வகுத்துவைத்திருக்கிறார்கள். ஸ்டாக் அளவு, ஹீப் அளவு எல்லாம் கேகான்ஃபிக்கில்தான்.

படி 5: எழுதியதைச் சரிபாருங்கள்

ரிசர்வ்டு-மெமரி நோடை எழுதும்போது இரண்டு விஷயம் அடிக்கடி விட்டுப்போகும். அதன் முகவரி செல்களின் (முகவரியையும் அளவையும் எழுதும் 32-பிட் எண்கள்) எண்ணிக்கையும் அளவு செல்களின் எண்ணிக்கையும் வேர் நோடில் உள்ளதோடு ஒத்திருக்க வேண்டும். காலியான 'ரேஞ்சஸ்' பண்பும் இருக்க வேண்டும். இவற்றில் எது தவறினாலும் கெர்னல் அந்த நோடு முழுவதையும் புறக்கணித்துவிடும். ஒரு பகுதி மட்டும் வேலை செய்யாமல் போகும் என்று எதிர்பார்க்காதீர்கள், உள்ளே இருக்கும் எல்லா ஒதுக்கீடும் போய்விடும். பாதுகாப்பு ஃபர்ம்வேரின் பகுதியும் அதில் அடக்கம். 'நோ-மேப்', 'ரீயூஸபிள்' இரண்டையும் ஒரே நோடில் போடாதீர்கள். தொடவே கூடாது என்றும் எடுத்துப் பயன்படுத்திக்கொள் என்றும் ஒரே மூச்சில் சொல்வதாகும்.

கெர்னல் மூலத்துக்குள் வேலை செய்கிறீர்கள் என்றால் 'மேக்' கட்டளைக்கு 'டிடிபிஎஸ்_செக்' என்ற இலக்கைக் கொடுங்கள். உங்கள் கோப்பை ஸ்கீமாக்களோடு (நோடு எப்படி இருக்க வேண்டும் என்ற விதிகள்) ஒப்பிட்டு, நோடின் வடிவத்தில் உள்ள பெரும்பாலான தவறுகளைக் காட்டிவிடும். 96 சரியா 256 சரியா என்று அது சொல்லாது.

பூட் ஆன பிறகு, கெர்னலின் செய்திகளைக் காட்டும் 'டிமெசெக்' (dmesg) கட்டளையின் வெளியீட்டின் தொடக்கத்தில் 'ரிசர்வ்டு மெமரி' என்ற சொற்களைத் தேடுங்கள். எந்த முகவரியில் எவ்வளவு பெரிய பூல் உருவானது என்று அங்கே இருக்கும். 'ப்ராக்' அடைவின் 'மெம்இன்ஃபோ' கோப்பில் சிஎம்ஏ மொத்தமும் மிச்சமும் தெரியும். அதே அடைவில் உள்ள 'ஐஓமெம்' கோப்பை ரூட் உரிமையோடு திறந்து, ஒதுக்கிய பகுதிகள் நினைத்த முகவரியில் இருக்கின்றனவா என்று பாருங்கள். சாதாரணப் பயனராகத் திறந்தால் முகவரிகள் எல்லாம் சுழியமாகத் தெரியும், குழம்பிவிடாதீர்கள்.

சாதனத்தை அதன் உச்ச வேலையில் ஓட்டிக்கொண்டே சிஎம்ஏ மிச்சத்தைக் கவனியுங்கள். கேமராவை முழுத் தெளிவில் திறந்து, திரையையும் இயக்கி, மிச்சம் எவ்வளவு கீழே போகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். ஒன்றைக் கவனத்தில் வையுங்கள், அந்தப் பகுதியைக் கெர்னலும் இடம் மாற்றக்கூடிய பக்கங்களுக்கு எடுத்துக்கொள்வதால் மிச்சம் குறைவாகத் தெரிவது மட்டுமே பற்றாக்குறைக்கு அடையாளம் ஆகாது. ஒதுக்கீடு தோல்வி என்ற செய்தி டிமெசெக்கில் வருகிறதா என்பதையும் சேர்த்துப் பாருங்கள்.

இந்த மாற்றத்தைக் கெர்னலுக்குப் பேட்சாக அனுப்பப் போகிறீர்கள் என்றால், கமிட் செய்தியில் ஒவ்வொரு எண்ணுக்கும் அது எங்கிருந்து வந்தது என்று எழுதுங்கள். முகவரி எல்லை என்றால் சிப்பின் டேட்டாஷீட்டில் உள்ள எந்தக் கட்டுப்பாடு என்று சொல்லுங்கள். குறைந்தபட்ச அளவு என்றால் தெளிவு, பிக்சலுக்கு எத்தனை பைட், எத்தனை பஃபர் என்ற பெருக்கலைக் காட்டுங்கள். அப்படிக் காட்ட முடியாத எண் எஞ்சினால், அதை பேட்சிலிருந்து எடுத்துவிட்டு உங்கள் கமாண்ட் லைனில் போட்டுக்கொள்ளுங்கள்.